பயறுக்குள் தண்ணீர் போகும் வழி

இரவில் ஊறப்போட்ட கொள்ளைக் காலையில் அரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை பருத்து மென்மையாகியிருக்கும். அவற்றின் நடுவே சில மட்டும் கடையில் வாங்கியபோது இருந்த அதே அளவில், அதே பளபளப்போடு அடியில் கிடக்கும். வயல் ஒன்று, மூட்டை ஒன்று, பாத்திரமும் தண்ணீரும் ஒன்று. இருந்தும் ஒரு விதை ஊறுகிறது, பக்கத்து விதை ஊறவில்லை. இதற்கான விளக்கத்தைத் தாவரவியலாளரும் விதை நுட்பவியலாளரும் உணவு விஞ்ஞானிகளும் தனித்தனியாகத் தேடியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் அதிகம் படித்ததாகத் தெரியவில்லை. மூன்று தரப்பையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு முடிவுக்கு வர முடிகிறது: பயறு எப்படி ஊறும் என்பதில் பெரும்பகுதி அது தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே, களத்தில் காயும்போதும் குதிரில் கிடக்கும்போதும் தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் விசையைப் பார்ப்போம். ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1727இல் வெளியிட்ட 'வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்' நூலில் ஓர் எளிய சோதனை வருகிறது. இரும்புப் பானையில் காய்ந்த பட்டாணியும் தண்ணீரும் நிரப்பி, மூடியின் மேல் எடை ஏற்றினார். ஊறிய பட்டாணி 184 பவுண்டு எடையை, அதாவது 83 கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தை, மூடியோடு மேலே தூக்கியது. நெருக்கத்தில் ஒன்றையொன்று அழுத்திய பட்டாணிகள் உருண்டை வடிவம் இழந்து பன்னிரண்டு முகம் கொண்ட கட்டிகளாக மாறியிருந்ததையும் அவர் குறித்து வைத்தார். மண்டையோட்டின் எலும்புகளைப் பிளவில்லாமல் பிரித்தெடுக்க உடற்கூறியலாளர்கள் அதற்குள் காய்ந்த விதைகளை நிரப்பித் தண்ணீர் ஊற்றுவதும் இதே விசையை நம்பித்தான்.

அவ்வளவு விசை எங்கிருந்து வருகிறது? காய்ந்த பயறில் எடையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான் தண்ணீர். அதுவும் புரத மூலக்கூறுகளோடும் செல் சுவர்களோடும் இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற இடமெல்லாம் தண்ணீருக்கு ஏங்கும் பரப்புதான். தாவரவியலாளர்கள் இந்த ஏக்கத்தை நீர் அழுத்தத் திறன் என்ற அளவால் சொல்கிறார்கள். காய்ந்த விதைக்கு அது மைனஸ் 100 மெகா பாஸ்கல் அளவில் இருக்கும். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கு. உயிரோடு இருக்கும் வேர் மண்ணிலிருந்து நீரை இழுக்கும் விசை இதற்குப் பக்கத்தில்கூட வராது. தண்ணீரை அதிகம் பிடிப்பது புரதம். அடுத்துச் செல் சுவரிலுள்ள பெக்டின். பச்சைத் தண்ணீரில் மாவுச்சத்து குறைவாகவே உறிஞ்சும். புரதம் நிறைந்த சோயா, முளைக்கத் தன் எடையில் பாதியளவு தண்ணீர் கொண்ட நிலையை எட்ட வேண்டியிருக்க, மாவு நிறைந்த மக்காச்சோளம் 30 விழுக்காட்டிலேயே முளைத்துவிடுவதை ஹன்டரும் எரிக்சனும் 1952இல் அளந்து காட்டினர்.

இந்த முதல் உறிஞ்சலுக்கு உயிர் தேவையில்லை. செத்த விதையும் ஊறும். அதனால், நன்றாக ஊறியதை வைத்து விதை நல்ல விதை என்று முடிவு கட்டுவது தவறு. ஊறுதலை விதை நூல்கள் மூன்று கட்டமாகப் பிரிக்கின்றன. முதலில் தண்ணீர் வேகமாக ஏறும். இது முழுக்கப் பௌதிகம். பிறகு எடை அதிகம் கூடாமல் நிற்கும் ஒரு கட்டம். வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் நடக்காதது போலத் தோன்றினாலும் விதையின் வாழ்வில் மும்முரமான நேரம் இதுதான்: சுவாசம் கூடுகிறது, காய்ந்தபோது பழுதான சவ்வுகளும் மரபுப்பொருளும் செப்பனிடப்படுகின்றன, முன்பே எழுதி வைக்கப்பட்ட மரபணுச் செய்திகளைக் கொண்டு புதுப் புரதங்கள் உருவாகின்றன. மூன்றாவது கட்டத்தில் முளைவேர் தோலைக் கிழித்து வெளியே வரும்போது தண்ணீர் மறுபடி ஏறுகிறது. செத்த விதை இரண்டாவது கட்டத்தோடு நின்றுவிடும். சுண்டலுக்கு ஊறவைப்பவர்களுக்கு முதல் கட்டம் முடிந்தால் போதும். முளைகட்டுபவர்கள் அதற்குப் பின் தண்ணீரை வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிடுவதற்குக் காரணம் இரண்டாவது கட்டத்தின் சுவாசம். தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் விதைக்கு ஆக்சிஜன் எட்டாது, முளைக்காமல் புளித்து நாறிவிடும்.

இனி வாசலுக்கு வருவோம். இந்தத் துறையில் நீண்ட காலம் விவாதிக்கப்பட்ட கேள்வி, தண்ணீர் எந்த வழியாக நுழைகிறது என்பது. பயறின் தோலை நுண்ணோக்கியில் வைத்தால் மேலே மெழுகுப் பூச்சு. அதன் கீழே செங்குத்தாக நெருக்கி நின்ற கோல் போன்ற தடித்த செல்களின் வரிசை. அதற்கும் கீழே இடுப்பு சிறுத்த செல்கள், பிறகு மெல்லிய திசு. மேல் இரண்டு அடுக்கும் முழுதாக இருந்தால் தண்ணீர் உள்ளே போக முடியாது. தோலில் மூன்று சிறப்பான இடங்கள் உண்டு. காயோடு விதை ஒட்டியிருந்த இடம் விதைத் தழும்பு. காராமணியின் 'கண்' என்று நாம் சொல்வது அதையும் சுற்றியுள்ள நிறத்தையும்தான். அதன் ஒரு பக்கத்தில் ஊசி முனையளவு விதைத் துளை. மறுபக்கத்தில் வில்லை எனப்படும் சிறு மேடு.

விதைத் தழும்பைப் பற்றி 1954இல் நியூசிலாந்து ஆய்வாளர் ஹைடு எழுதிய கட்டுரையை நான் இந்தத் துறையின் மிக அழகான படைப்புகளில் ஒன்றாகக் கருதுகிறேன். குளோவர், லூபின் விதைகளின் தழும்பில் நடுக்கோடாக ஒரு வெடிப்பு இருக்கிறது. வெளிக்காற்று வறண்டிருக்கும்போது வெடிப்பின் ஓரத் திசுக்கள் சுருங்கி அது திறந்துகொள்கிறது. உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. காற்றில் ஈரம் ஏறினால் அதே திசுக்கள் உப்பி வெடிப்பு மூடிக்கொள்கிறது. ஈரம் உள்ளே வர முடியாது. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடுவது போல, இந்தத் தழும்பு ஈரத்தை வெளியே மட்டும் விடுகிறது. விளைவு: சுற்றுப்புறத்தில் என்றாவது ஒரு நாள் நிலவிய மிக வறண்ட காற்றின் அளவுக்கு விதை காய்ந்துபோய், அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது. அடுத்த மழைக்காலம் முழுக்க ஈரக் காற்றில் கிடந்தாலும் அது இளகாது. ஊறாத கொள்ளு உருவாகும் வழியை இதைவிடத் தெளிவாக விளக்கிய ஆய்வு குறைவு.

எல்லாப் பயறுக்கும் ஒரே வாசல் என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானியர் இனிப்புக்குப் பயன்படுத்தும் சிவப்பு அட்சுகிப் பயறில் தோல் தண்ணீர் விடாது. தழும்புப் பகுதி வழியாகத்தான் நுழைய வேண்டும். அதனால் முதல் சில மணி நேரம் எடையே கூடாமல் கிடந்து, பிறகு திடீரென்று பருக்கும். கொண்டைக்கடலையில் அப்படி இல்லை; போட்ட உடனே ஏறத் தொடங்கி, போகப் போக வேகம் தணியும். சோயாவில் நிலைமை வேறு. 2004இல் கனடா ஆய்வாளர்கள், ஊறும் சோயா விதையின் மெழுகுப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் இருப்பதையும் ஊறாத சோயாவில் அவை இல்லாததையும் காட்டினார்கள். அந்தக் கீறல்கள் தழும்புக்கு எதிர்ப்பக்கமான முதுகில் அதிகம். சோயாவை ஊறவைத்தவர்கள் முதலில் முதுகுப் பக்கத்தில் தோல் சுருக்கம் விழுவதைக் கவனித்திருப்பார்கள். தோல் தண்ணீர் குடித்து விரிகிறது, உள்ளிருக்கும் பருப்பு இன்னும் விரியவில்லை; இடமில்லாமல் தோல் மடிகிறது. மொச்சையிலும் இதைப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் ஊறிய மொச்சை சுருங்கிக் கிழடு தட்டியது போல இருந்து, பருப்பு பெருத்தபின் மறுபடி வழவழப்பாகிவிடும். காந்த அதிர்வுப் படமெடுப்பு வந்தபின், விதையை வெட்டாமலே தண்ணீர் தோலில் பரவி, சீரற்ற வேகத்தில் வித்திலைகளுக்குள் இறங்குவதை நேரில் பார்க்க முடிகிறது. வாசல் எது என்று ஒரே விடை தேடிய பழைய விவாதம் இப்போது இனத்துக்கு இனம், ரகத்துக்கு ரகம் மாறும் விடைகளாக உடைந்திருக்கிறது. இதுவே சரியான நிலை என்று நினைக்கிறேன்.

தோல் எப்படி இறுகுகிறது என்பதற்கு வேதியியல் பக்கமும் உண்டு. இஸ்ரேலின் மர்பாக்கும் மேயரும் 1974இல் காட்டுப் பட்டாணியை ஆக்சிஜன் உள்ள காற்றிலும் ஆக்சிஜன் இல்லாமலும் காயவைத்துப் பார்த்தனர். காற்றில் காய்ந்தது பழுப்பேறித் தண்ணீர் புகாததாகிவிட்டது. ஆக்சிஜன் இல்லாமல் காய்ந்ததோ தண்ணீர் விட்டது. தோலிலுள்ள பீனால் பொருள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து தோலை அடைக்கின்றன என்பது அவர்கள் முடிவு. தோலில் நிறம் குறைந்த வெள்ளை ரகங்கள் பொதுவாக வேகமாக ஊறுவதும், நிறம் தோய்ந்தவை மெதுவாக ஊறுவதும் இதோடு பொருந்துகிறது. வெள்ளைக் கொண்டைக்கடலையின் தோல் கறுப்புக் கடலையின் தோலைவிட மெல்லியது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அடைபட்ட கதவை இயற்கை எப்படித் திறக்கிறது? 1932இல் ஹாம்லி என்பவர் வெள்ளை மெலிலோட்டஸ் விதைகளைக் குலுக்கியே ஊறும்படி செய்தார். குலுக்கலின் அதிர்ச்சியில் வில்லைப் பகுதியில் சிறு பிளவு விழுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் வெறுந்தரையில் கிடக்கும் குளோவர் விதையைக் கோடையின் பகல் கொதிப்பும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறித் திறக்கின்றன. நம் ஊரில் சூபாபுல் விதையை 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து விதைப்பதும், ஆட்டு வயிற்றில் போய் வந்த கருவேல விதை நன்றாக முளைப்பதும் இதே கதவைத் தட்டுவதுதான். திறக்காமல் விட்டால் எவ்வளவு காலம் தாங்கும்? 1793இல் சீனாவில் சேகரிக்கப்பட்டு லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த அல்பிசியா விதைகள், 1940இல் குண்டு விழுந்து தீயணைப்புத் தண்ணீர் பட்டபோது முளைத்தன. வாகையின் உறவான அந்த விதைகள் அப்போது 147 வயதைக் கடந்திருந்தன. அவ்வளவு நாள் உயிரைக் காத்தது தண்ணீர் புகாத தோல்.

மனிதன் பயறைப் பயிராக்கியபோது முதலில் இழந்தது இந்தத் தோலைத்தான். காட்டுப் பயறுகளில் பெரும்பாலானவை கல் விதைகள். விதைத்தால் பத்தில் ஒன்றுதான் அந்த ஆண்டு முளைக்கும் என்றால் எந்த உழவன் விதைப்பான்? இஸ்ரேலின் லடிசின்ஸ்கி 1987இல் இந்தக் கேள்வியை வைத்தே ஒரு வாதம் கட்டினார்: காட்டு மைசூர்ப் பருப்புச் செடி தருவதே சில விதைகள், அதிலும் பெரும்பங்கு உறங்கும், ஆகவே உறக்கம் கலைந்த வகைகள் பயிரிடுவதற்கு முன்பே, வெறும் சேகரிப்புக் காலத்திலேயே பரவியிருக்க வேண்டும் என்றார். டேனியல் ஜோஹரி 1989இல் அதை மறுத்தார். எனக்கு லடிசின்ஸ்கியின் கேள்வி வலுவாகவும் அவருடைய விடை அவ்வளவு உறுதியில்லாததாகவும் படுகிறது. சோயாவில் மரபணுவே கையில் கிடைத்துவிட்டது. தோலின் கால்சியத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றம் காட்டுச் சோயாவின் கல் விதையை வீட்டுச் சோயாவின் ஊறும் விதையாக்கியது என்று 2015இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியானது.

ஊறாதது ஒரு குறை என்றால், மிக வேகமாக ஊறுவதும் குறைதான். இதை விதைப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். காய்ந்த பட்டாணியைத் தோலுரித்துத் தண்ணீரில் போட்டால் வெளிப்புறச் செல்கள் செத்துப்போகின்றன என்று பிரிட்டனின் அலிசன் பவலும் ஸ்டான்லி மேத்யூஸும் 1978இல் காட்டினார்கள். தண்ணீர் பாய்ந்து நுழையும்போது காய்ந்து கிடந்த சவ்வுகள் ஒழுங்குபடுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. உள்ளிருக்கும் சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசிகின்றன. தோல் கிழிந்த விதையில், மழையில் நனைந்து காய்ந்து வெடித்த விதையில் நடப்பதும் இதுதான். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சோயாவுக்கு இந்தச் சேதம் மேலும் கடுமையாகிறது. கசிந்த உப்பைக் கணக்கிட்டே ஒரு சோதனை பிறந்தது: விதை ஊறிய தண்ணீரின் மின்கடத்தல் திறனை அளந்தால் பட்டாணி வயலில் எப்படி முளைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லலாம். 1960களில் மேத்யூஸும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கிய அந்த முறை இன்று பன்னாட்டு விதைச் சோதனை விதிகளில் இடம்பெற்றிருக்கிறது. மிகக் காய்ந்த விதையை நேரே தண்ணீரில் கொட்டாமல் முதலில் ஈரச் சாக்கில் பரப்பி மெதுவாக இளக்குவதற்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது.

உணவு விஞ்ஞானிகளின் கணக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபிக் 1855இல் எழுதிய பரவல் விதிகளையும், மிச்சா பெலெக் 1988இல் தந்த இரண்டு மாறிலிச் சமன்பாட்டையும் வைத்து நூற்றுக்கணக்கான ஊறல் வரைபடங்கள் வரையப்பட்டன. வெப்பம் கூடினால் வேகம் கூடும் என்பது எல்லாவற்றிலும் உறுதியானது. ஆனால் ஃபிக் விதியை வைத்துப் போட்ட கணக்குகள் பெரும்பாலும் விதையைத் தோலில்லாத ஒரே சீரான உருண்டையாக எடுத்துக்கொள்கின்றன. முதலில் காத்திருந்து பிறகு ஏறும் காராமணி, அட்சுகி போன்றவை அதற்குள்ளும் அடங்கவில்லை, பெலெக்கின் சமன்பாட்டுக்குள்ளும் அடங்கவில்லை. கேமரூனிலும் பிரேசிலிலும் நடந்த பிற்கால ஆய்வுகள்தான் அந்தக் காத்திருப்பைக் கணக்குக்குள் கொண்டுவந்தன. அதே லூபின் விதை, தொடக்க ஈரம் குறைவாக இருந்தால் காத்திருந்தும், ஈரம் கூடுதலாக இருந்தால் உடனேயும் ஊறுவதைப் பிரேசில் ஆய்வு காட்டியது. பெட்டியில் "எட்டு மணி நேரம் ஊறவைக்கவும்" என்று அச்சிடுவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

இப்போது சமையலறையின் பெரிய குறைக்கு வரலாம். ஊறாத பயறும், ஊறியும் வேகாத பயறும் இரண்டு வேறு நோய்கள். ஒன்றுக்குச் சொல்லும் மருந்தை மற்றொன்றுக்குச் சொல்லிக் குழப்புகிறோம். முதல் நோய் வறட்சியால் வருவது, தோல் பூட்டிக்கொள்கிறது. இரண்டாவது நோய் வெப்பமும் ஈரமும் மிகுந்த கிடங்கில் மாதக்கணக்கில் கிடப்பதால் வருவது. அந்தப் பயறு தண்ணீரை நன்றாகவே குடிக்கும், பருக்கும். குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் பல்லில் நறநறக்கும். பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: விதையிலுள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. ஈரக் கிடங்கில் அதை ஒரு நொதி சிதைக்க, விடுபட்ட கால்சியம் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு பிணைந்து கரையாத பசையாகிவிடுகிறது. வேகும்போது செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவேண்டும், இங்கே பிரிவதில்லை. சுவீடனில் மேட்சன் 1946இல் பட்டாணியை வைத்து இந்தச் சிந்தனைக்கு வித்திட்டார். பீனால் பொருள்களும் செல் சுவரை இறுக்குகின்றன என்போரும் உண்டு. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

இதை வைத்து வீட்டு வழக்கங்களை எடைபோடலாம். உப்புத் தண்ணீர், கடின நீரில் பருப்பு வேகாது என்று நம் ஊரில் சொல்வது சரி: தண்ணீரிலிருக்கும் கால்சியம் அதே பெக்டினை இறுக்குகிறது. சமையல் உப்பு போட்டு ஊறவைத்தால் தோல் மென்மையாவதும் உண்மை, ஏனெனில் சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே பெயரால் அழைக்கப்படும் இரண்டு உப்பும் எதிரெதிர் வேலை செய்கின்றன. சமையல் சோடா பெக்டினைக் கரைக்கும். கூடவே தயாமின் சத்தையும் அழிக்கும், ஆகவே பழைய பயறுக்கு மட்டும் ஒரு சிட்டிகை போதும். பருப்பு வெந்தபின்தான் புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்பது அனுபவத்தில் பிறந்த துல்லியமான விதி. அமிலம் பெக்டின் கரைவதைத் தடுக்கிறது.

ஊறிய தண்ணீரைக் கொட்டலாமா? ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நமக்கு இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று வாயுவாக்குகின்றன. ஊறல் தண்ணீரில் அவற்றின் ஒரு பகுதி இறங்கும். ஃபோலேட்டும் சில தாதுக்களும் கூடவே இறங்கும். வயிறு உப்புபவர்கள் கொட்டட்டும், மற்றவர்கள் கொட்டத் தேவையில்லை. ராஜ்மாவில் மட்டும் விருப்பத்துக்கு இடமில்லை. அதிலுள்ள பைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற நச்சுப்புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அதன் ஊறல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்; குறைந்தது 12 மணி நேரம் ஊறவைத்து, குறைந்தது 10 நிமிடம் கொதிக்கக் கொதிக்க வேகவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தோலையும் தண்ணீரையும் சேர்த்து ஆண்ட ஒரு தமிழ்நாட்டுத் தொழில்நுட்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. துவரையின் தோலுக்கும் பருப்புக்கும் இடையே பிசின் இருக்கிறது. அப்படியே உடைத்தால் தோல் பிரியாது, பருப்பு நொறுங்கும். அதனால் பெண்கள் துவரையை ஊறவைத்துச் செம்மண் குழம்பில் புரட்டிக் குவித்து வைத்து, பிறகு நல்ல வெயிலில் காயவைத்துத் திருகையில் உடைப்பார்கள். ஊறும்போது உப்பிய பிசின் காயும்போது பிடிப்பை விடுகிறது. பருப்பு சுருங்கித் தோலிலிருந்து விலகுகிறது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஆலைகளுக்காக உருவாக்கிய முறைகளும் இந்த ஈரப்பதம் ஏற்றி இறக்கும் கருத்தைச் சார்ந்தவையே. பயறு ஊறும் அறிவியலை எழுதுபவர்கள் ஆலைப் பொறியியலாக மட்டும் இதைப் பார்த்துக் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. ஊறுதல், காய்தல் இரண்டையும் ஒரே செயலின் இரு பாதியாகப் பார்த்தவர்கள் அந்தப் பெண்கள்.

மீதமிருக்கும் பெரிய சிக்கல் பாசிப்பயறில் இருக்கிறது. காய் முற்றிய நேரத்தில் மழை பிடித்தால், எளிதில் ஊறும் தோல் கொண்ட ரகம் செடியிலேயே காய்க்குள் முளைத்துவிடுகிறது. உழவருக்கு முழு நட்டம். தோல் இறுகிய ரகம் மழையைத் தாங்கும். ஆனால் கடைக்கு வந்தபின் சுண்டலில் கல்லாகக் கிடக்கும், அடுத்த பருவத்தில் விதைத்தால் ஒரு பங்கு முளைக்காது. ஆகவே பயிர்ப் பெருக்கவியலாளர்கள் முதிர்ந்தபின் 10 முதல் 15 நாள் மட்டும் உறங்கி, பிறகு தானே இளகும் ரகங்களைத் தேடுகிறார்கள். அந்தத் தேடலில் முளைப்புத் திறனை மட்டும் அளந்தால் போதாது. ஒரே ரகத்தை அறுவடை செய்த வாரத்திலும், வறண்ட கிடங்கில் ஆறு மாதம் வைத்தபின்பும், கடலோர ஈரக் கிடங்கில் ஆறு மாதம் வைத்தபின்பும் ஊறவைத்து வேகவைத்து, மூன்று அளவுகளையும் ரக வெளியீட்டுக் குறிப்பிலேயே அச்சிட வேண்டும். அப்போதுதான் விதைப்பவரும் கிடங்கு வைத்திருப்பவரும் சமைப்பவரும் ஒரே பயறைப் பற்றி ஒரே தகவலை வைத்துப் பேச முடியும்.